ஆஸ்பத்திரி வயிறு

மலத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் மலத்தைவிட அதிகமாக நாறுகிற இரண்டு ஆண்கள் இதில் வருகிறார்கள். ஒருவர் என்னை ரஷ்யாவுக்கு அனுப்பி டாக்டராக்கப் பார்த்தவர். இன்னொருவர் என்னை ராஜபாளையத்திலேயே உட்கார வைத்து, ஆராய்ச்சி செய்ய வைத்து, அந்த வழியாக டாக்டராக்கப் பார்த்தவர். இரண்டு பேரில் யார் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறுவது என்பதுதான் அந்தக் கோடை முடிந்து வந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பேச்சு.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் பளபளவென்று போகிற அண்டா, திரும்பி வரும்போது அடியில் காய்ந்த பாயசமும் அதில் ஒட்டிய பீடித் துண்டுமாக வரும். கழுவித் தர வேண்டும் என்று பேசித்தான் அனுப்புவார். ஒருத்தரும் கழுவ மாட்டார்கள். ஊரார் தின்றுபோட்ட மிச்சத்தைச் சாம்பல் வைத்துத் தேய்த்து வளர்ந்தவள் நான். அதனால் அழுக்கைப் பார்த்து எனக்கு முகம் சுளிக்காது. ஆட்களைப் பார்த்தால்தான் சுளிக்கும். "அவளுக்கு மூஞ்சியே அப்படித்தான், தப்பா நெனைக்காதீக" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வு எழுதினேன். மெடிக்கல் சீட் மயிரிழையில் போனது. வீட்டிலேயே உட்கார்ந்து படித்து மறுவருடமும் எழுதினேன். அப்போதும் மயிரிழைதான், ஆனால் மயிர் கொஞ்சம் தடித்திருந்தது. உடனே துக்கம் கேட்பது போல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, டைப்ரைட்டிங் படிக்கச் சொன்னார்கள், டீச்சர் ட்ரெய்னிங் போகச் சொன்னார்கள். மாப்பிள்ளை இருக்கிறது என்றார்கள். பெயிலான பிள்ளைக்கு வயது ஏறக்கூடாதாம். நான் பெயிலாகவில்லை என்பதை அவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது.

அத்தா மட்டும் அசையவில்லை. "எம்மக டாக்டருக்குத்தான் படிப்பா. வழி தெரிஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். வழி சொல்ல அந்த இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் மாமு. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மதுரையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ் வைத்திருந்தார். அதுவரை கொத்தனாரையும் டெய்லரையும் வளைகுடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது பிளஸ் டூ பிள்ளைகளை ரஷ்யாவுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார். சரக்குதான் மாறியிருந்தது. பேச்சு அதேதான். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெற்றோர்களைக் கூட்டி வைத்துப் படம் காட்டினார். வெள்ளைத் திரையில் பனி, பனிக்குள்ளே ஒரு பெரிய கட்டடம், கட்டடத்துக்கு முன்னால் ரோமத் தொப்பி போட்ட நம்மூர்ப் பையன்கள். நோயாளி ஒருவர்கூட எந்தப் படத்திலும் இல்லை. நான் எழுந்து நின்று, ஆஸ்பத்திரிப் படம் ஒன்று காட்டச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி எல்லா ஊர்லயும் ஒண்ணுதாம்மா, அதப்போயி படம் புடிப்பாகளா?" என்றார் மாமு. மண்டபம் சிரித்தது.

பிறகு எல்லாருக்கும் பிரியாணி. மாமு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார். எலும்பை உறிஞ்சுவார், கேள்விக்குப் பதில் சொல்வார், மறுபடி உறிஞ்சுவார். பாடமெல்லாம் என்ன பாஷையில் நடக்கும் என்று கேட்டேன். "மொத வருசம் அவிய பாஷ, பொறவு இங்கிலீஷு" என்றார். திரும்பி வந்தால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆளு இருக்கு" என்றார். அங்கே ஹலால் கறி கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். அதற்கும் ஆள் இருந்தது. கடைசியில் எண்ணெய் வழிகிற விரல்களை, பல்கலைக்கழகத்தின் படம் போட்ட வழவழப்பான தாளில் துடைத்துக் கசக்கிப் போட்டார். அவருக்கே அந்தப் படிப்பின் மேல் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. நுழைவுத் தேர்வு கிடையாது. ஆறு வருடத்தில் டாக்டர். ஆகஸ்ட் முடிவதற்குள் சரி என்று சொல்லி பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் செப்டம்பரில் விமானம். இல்லையென்றால் அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் இந்த வழி இருக்குமோ இருக்காதோ.

இரண்டாவதாக வந்தவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பட்டம் வாங்கிய டாக்டர். அந்த வித்தியாசம் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவரும் தெரியப்படுத்த மாட்டார். வடக்கே எங்கோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் மாடியை வாடகைக்குப் பிடித்து ஆராய்ச்சி மையம் என்று போர்டு மாட்டியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு எங்கள் கடையில் பாத்திரம் எடுத்த வகையில் பழக்கம். அந்தப் பாத்திரங்களும் கழுவாமல்தான் வந்தன.

"ரஷ்யால்லாம் எதுக்கு பாய்? நேர்காணல் வச்சு ஆளெடுக்கிற மெடிக்கல் காலேஜ் இருக்கு. அங்க வெறும் மார்க்க மட்டும் பாக்கிறதில்ல. ஆராய்ச்சி செஞ்ச பிள்ளைன்னா எந்திரிச்சு நின்னு சீட்டு குடுப்பாங்க" என்றார். சித்திரை வரை தன்னிடம் வேலை செய்தால் கட்டுரையில் என் பெயர் வரும், கையில் சர்ட்டிபிகேட் வரும், அதோடு நேர்காணலுக்குப் போகலாம் என்றார். அத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகள் டாக்டருமாகலாம், ராத்திரி வீட்டுக்கும் வந்துவிடலாம். இதைவிட என்ன வேண்டும் ஒரு தகப்பனுக்கு?

ஆகஸ்ட் கடைசி வரை ஆராய்ச்சியைப் பார்ப்பது, பிடித்தால் அதிலேயே இருப்பது, இல்லையென்றால் மாமுவிடம் சரி சொல்வது என்று முடிவு செய்துகொண்டு சேர்ந்தேன்.

ஆராய்ச்சி கொக்கிப் புழுவைப் பற்றியது. காட்டிலும் கரையிலும் மலங்கழிக்கிற ஊர்களில், மண்ணில் கிடக்கிற இதன் குஞ்சுகள் வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதத்தைத் துளைத்து உடம்புக்குள் போகும். குடலில் பல்லைப் பதித்து உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். பருத்திக் காட்டு வேலைக்குப் போகிற பெண்களின் மலத்தில் இதன் முட்டை எவ்வளவு இருக்கிறது என்று இப்போது ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை எண்ண வேண்டும். அதற்கு டெல்லியிலிருந்து டாக்டர் சாருக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. சுந்தரபாண்டியத்தில் ஒரு தெருவை எனக்குப் பிரித்துக் கொடுத்தார். ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து பிலிம் சுருள் வருகிற கறுப்பு டப்பாக்களை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். மூடி இறுக்கமாக இருக்கும், நாற்றம் வெளியே வராது. முதல்நாள் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்து மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். கண்டக்டருக்கு நான் போட்டோ பிடிக்கிற பெண். "எங்க வண்டியையும் ஒண்ணு எடேம்மா" என்பார். "அடுத்த ரோல்லண்ணே" என்பேன்.

மலம் எனக்குப் பழகிவிட்டது. அந்த மாடிதான் பழகவில்லை. கீழேயிருந்து பஞ்சுத் தும்பு பறந்து வந்து எல்லாவற்றிலும் படியும். மைக்ரோஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடிச் சில்லில் தெரிவது புழுவா, பஞ்சு நூலா என்று பிரித்தறியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. மாதிரிகளை வைக்கிற ஃபிரிட்ஜில் சார் தன் தயிர்ச் சட்டியையும் வைத்திருப்பார். மாதிரியைக் கிளறுவதற்கென்று வாங்கிய குச்சிக் கட்டிலிருந்தே ஒன்றை உருவிப் பல் குத்துவார். புதுக் குச்சிதான், இருந்தாலும். மத்தியானம் ஆனால் மைக்ரோஸ்கோப்பை நகர்த்திவிட்டு அதே மேஜையில் படுத்துத் தூங்குவார். டாக்டர் என்றால் இப்படி ஒரு ஜென்மமும் டாக்டர்தான் என்பதை நம்புவதற்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுந்தரபாண்டியத்துத் தெருவில் எனக்கு எல்லாம் ஒரு அக்காதான். வீடு வீடாக டப்பாவைக் கொடுப்பதும் மறுநாள் வாங்கிச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். நாலு வீடு நடப்பதற்குள் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்குவார். முந்தானையில் பச்சரிசி முடிந்து வைத்துக்கொண்டு சதா மென்றுகொண்டிருப்பார், அரிசி தீர்ந்தால் செங்கல் துண்டைக் கடிப்பார். ரத்தம் செத்த உடம்புக்கு அப்படித் தின்னத் தோன்றும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை நேரில் பார்க்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

முதல் தொகுதி டப்பாக்களைப் பார்த்து முடித்தேன். ஒரு முட்டை இல்லை. தெரு முழுக்கச் சுத்தம். அக்காவின் டப்பாவும் சுத்தம். எனக்குப் பார்க்கத் தெரியவில்லையோ என்று பயந்துபோய் மறுபடி மறுபடி பார்த்தேன். அதே சுத்தம். சாரிடம் போய், "எல்லாம் நெகட்டிவ் சார்" என்றேன்.

"நெகட்டிவா? சுந்தரபாண்டியத்துலயா?" என்று சிரித்தார். மைக்ரோஸ்கோப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நெகட்டிவ்னு அனுப்புனா டெல்லிக்காரன் கடைய மூடுன்னுருவான். பாசிட்டிவ்னு போட்டுக்கோம்மா. அங்கங்க ஒண்ணு ரெண்ட மட்டும் நெகட்டிவ்னு விட்டு வையி. பாக்க அழகா இருக்கும்."

கோலத்தில் புள்ளி வைக்கச் சொல்வது போலச் சொன்னார். சுற்றிலும் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. ஒரு வெட்கமும் இல்லை. நான் எதுவும் போடவில்லை. கண்ணாடிச் சில்லுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எல்லா டப்பாவிலும் ஒரே நிறம், ஒரே கீரை நார். ஒரு தெருவில் இத்தனை வீட்டிலும் எல்லாரும் தினமும் கீரையா தின்பார்கள்?

மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "உள்ளதச் சொல்லுங்கக்கா. எல்லா டப்பாவும் ஒரே ஆளுதா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டியா தாயி? சூட்டிகதான்" என்று சொல்லி, எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். பிள்ளை போதும் என்று வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த இளவயசுக்காரி. சபையில் பரிசு வாங்க வருகிறவள் போல நாணிக்கோணிக்கொண்டு வந்து நின்றாள்.

"இவ வயிறு ஆஸ்பத்திரி வயிறு தாயி. அங்கயே பூச்சி மருந்து குடுத்து, கழுவி, சுத்தம்பண்ணி அனுப்பிருக்காவ. நீ பாத்திரக்கடை பாய் மக, டாக்டருக்குப் படிக்கப் போற பிள்ள. அதக் கையில வாங்கி, மடியில வச்சு, பஸ்ஸுல கொண்டுபோற. உனக்குப் போயி எங்க வயித்துல கெடக்கிற கருமாந்தரத்தக் குடுக்க முடியுமா? தெருவே கூடிப் பேசித்தான், இவகிட்ட வாங்கியே எல்லா டப்பாவுலயும் வச்சோம்" என்றார் அக்கா.

"எம்புட்டுக் கீர, எம்புட்டு வாழப்பழம்! வீட்டுக்கு வீடு கொண்டாந்து ஊட்டுனாவ. போதும் போதும்னு ஆயிப்போச்சு" என்றாள் ஆஸ்பத்திரி வயிற்றுக்காரி.

சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது எனக்கு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இருப்பதிலேயே நல்லதை எடுத்து வைப்பதுபோல, மலத்திலும் நல்ல மலமாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்கள். என்னத்தைச் சொல்லித் திட்டுவது? "நல்லது வேணாங்க்கா. அவியவிய உள்ளதுதான் வேணும். எனக்கு அதுல ஒண்ணும் கொமட்டாது" என்றேன். அக்கா நம்பவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நானே சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே டப்பாவில் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன். அந்த வெட்கத்தையும் விட்டுவிட்டு அவர்கள் உள்ளதைக் கொடுத்தார்கள்.

முட்டை மொய்த்தது. எந்தச் சில்லை வைத்தாலும் முட்டை. மெல்லிய ஓட்டுக்குள்ளே கருப் பிளந்து பிளந்து அழகாக வேறு இருந்தது, சனியன். அக்காவின் சில்லில் நான் எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். நாலு வீடு நடந்தால் மூச்சு வாங்குகிறதே, அதற்கான காரணம் கண்ணுக்கு முன்னால் ஊறிக்கிடந்தது.

சாரிடம் ஓடினேன். அவர் தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று ஒரு நப்பாசை.

"நான்தான் அன்னிக்கே பாசிட்டிவ்னு சொன்னேன்ல? நீ வேற வீணா டப்பாவச் செலவழிச்சிட்ட" என்றார்.

அவர் சொன்ன பொய்யும் நான் கண்டுபிடித்த உண்மையும் அவருக்கு ஒன்றுதான். உண்மைக்குக் கொஞ்சம் செலவு கூட, அவ்வளவே. பல்லைக் கடித்துக்கொண்டு, மருந்து எப்போது கொடுப்போம் என்று கேட்டேன்.

"மருந்தா?" அவர் கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு மென்று முழுங்கினார். "மருந்து குடுத்துட்டா சித்திரையில எதம்மா எண்ணுவ? டேட்டா கெட்டுப்போயிரும். புழு இருந்தாத்தான் நமக்கு வேல. அவங்க ஒண்ணும் கேக்கலையே? நான் வேற, ஆராய்ச்சி முடியிற வரைக்கும் யாரும் பூச்சி மருந்து சாப்பிடக்கூடாதுன்னு டப்பா சேத்துக் குடுக்கிற அந்தப் பொம்பளகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நீ போயி எதையும் கெளறிவிடாத. கட்டுரையில உன் பேரத்தான் மொதல்ல போடலாம்னு இருக்கேன்."

மோர் மிளகாயைக் கடித்தார். மீசையில் தயிர் இருந்தது. அந்த மீசையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எத்தனையோ அழுகின புண்ணையும் சீழையும் பிற்பாடு பார்த்துவிட்டேன். எதுவும் அப்படிக் குமட்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாமு வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். நான் சாரைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஏக சந்தோஷம். "ஆராய்ச்சி கீராய்ச்சியெல்லாம் வேலைக்காவாது. அங்க வா. பாஸாகுறதப் பத்திக் கவலையே படாத, ஆளு இருக்கு. நோயாளியத் தொடவே வேணாம், எல்லாம் புஸ்தகம்தான். சொகமான படிப்பு" என்றார். அதைச் சலுகையாகச் சொன்னார் அந்த மனிதர். ஒருவர் நோயாளியை எண்ணச் சொல்கிறார், தீர்க்க வேண்டாம் என்கிறார். இன்னொருவர் தொடவே வேண்டாம் என்கிறார். இந்த இரண்டு பேரின் தயவில்தான் நான் டாக்டராக வேண்டும். தூ என்று துப்பிவிட்டு அண்டா தேய்க்கப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அன்று ராத்திரி அத்தாவிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். மருந்து கொடுத்தால் சர்ட்டிபிகேட் போய்விடும், நேர்காணல் போய்விடும், பிறகு ரஷ்யா ஒன்றுதான் மிச்சம் என்றும் சொன்னேன். அத்தாவுக்கு என்னை அனுப்ப மனசே இல்லை என்பது எனக்குத் தெரியும். தாடியைச் சொறிந்தார். "என்ன வேணும்னாலும் செய்யி. செஞ்சிட்டு வந்து பொறவு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காராத" என்றார்.

மறுநாள் காலையில் சுந்தரபாண்டியம் போய், அங்கே அரசாங்க சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸம்மாவிடம் கொக்கிப் புழுவுக்கு மாத்திரை எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மாத்திரை. அரசாங்கம் கொடுத்தது, இலவசம். "யாரும் வந்து கேக்கலையேம்மா" என்றார். தெருவுக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் பாலம்தான். யாருக்கு எத்தனை முட்டை என்று தெரிந்த நானும் அந்தப் பாலத்தின் மேல்தான் தினமும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. ஆனால் நர்ஸம்மாவைத் திட்ட முடியாது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

அக்கா வீட்டு முன்னால் பெண்கள் கூடினார்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் யார் யார் என்று நர்ஸம்மா விசாரித்து அவர்களைத் தள்ளி நிறுத்தினார். மற்றவர்களுக்குக் கையில் மாத்திரை, சொம்பில் தண்ணீர். ஆனால் ஒருத்தியும் வாயில் போடவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "இதத் தின்னா உனக்கு டாக்டர் சீட்டு கெடைக்காதாமே தாயி? அந்த சார் சொன்னாரே, சித்திர வரைக்கும் புழு இருக்கணும்னு."

"அதப் பத்தி உங்களுக்கு என்னக்கா?"

"என்ன இப்படிக் கேக்க? புழுதான, இருந்துட்டுப் போட்டும். இம்புட்டு வருசமா எங்களுக்குத் தெரியாமலே வச்சிருந்தோம், இப்பத் தெரிஞ்சே வச்சிருக்கோம். சித்திர என்ன, கண்ண மூடித் தொறந்தா வந்துரும். நீ மொதல்ல டாக்டராவு. பொறவு வந்து நீயே மாத்திரையக் குடு, திங்கோம்."

இதைச் சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். அழுதிருக்கலாம். எனக்கு வந்ததோ கோபம். இந்தத் தெருவே தன் ரத்தத்தைக் கொடுத்து எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தரத் தயாராக நிற்கிறது, ராஜபாளையத்தில் ஒருவர் அதைக் கூசாமல் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். "யாரு வயித்துலயும் எனக்காக ஒண்ணும் இருக்க வேணாம். எனக்கு ரஷ்யாவுல சீட்டு கெடச்சாச்சு. முழுங்குங்க" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். அப்படிச் சொன்ன பிறகுதான், நான் முடிவெடுத்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

அதன் பிறகு மளமளவென்று முழுங்கினார்கள். அக்காவும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுப் பேசாமல் நின்றார். எப்போதும் வாய் ஓயாதவர் பேசாமல் நின்றது எனக்குச் சரியாகப் படவில்லை.

"வாயத் தொறங்கக்கா."

தலையை ஆட்டினார். தாடையைப் பிடித்து, விரலை விட்டுக் கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் மாத்திரை இருந்தது.

"மத்தவியெல்லாம் முழுங்கிட்டாவ தாயி, போதாதா?" மாத்திரையை ஒதுக்கி வைத்துக்கொண்டு குழறிக்குழறிப் பேசினார். "நா ஒருத்தி மட்டும் வச்சிருக்கேன். ரஷ்யா எம்புட்டுத் தூரமோ என்னமோ. நீ போகலேன்னா, அந்த சார் கேட்டா எங்கிட்ட வா. எல்லா டப்பாவுக்கும் நானே தாரேன்."

மாத்திரையை மென்று முழுங்க வைத்து, நாக்குக்கு அடியிலும் பார்த்த பிறகுதான் விட்டேன். "மூஞ்சியப் பாரு, போலீஸ்காரி மாதிரி" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே ராஜபாளையம் போய் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மம்சாபுரத்தில் வேறு தெரு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடினார். மம்சாபுரத்துக்கும் ஒரு நர்ஸம்மா இருப்பார் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமு வந்தார். போகிறேன் என்றேன். அவர் எழுந்து நின்று என் தலையில் கைவைத்து துஆ செய்தார். அத்தா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குத்தான் இன்னும் கவலை.

"அங்க நோயாளியத் தொடவே விடமாட்டாகளாமே? தொடாம என்னத்த டாக்டர்?" என்றாள்.

"அது பழகிரும்மா, போகப் போக" என்று எனக்குப் பதிலாக மாமு சொன்னார்.

அக்காவின் கன்னத்துக்குள் விரலை விட்டபோது பட்ட எச்சிலின் வெதுவெதுப்பு எனக்கு அப்போதும் விரலில் இருந்தது.